முழுப் புள்ளி

என் மகள் பேஸ்போல் அணித் தெரிவுக்குப் போனாள், கச்சராக. மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிப்பவள். ஸ்காபரோ மைதானத்தில் அவளுக்குப் புள்ளி போட வந்தவர் மெலிந்த, யாழ்ப்பாணத்து மனிதர். பக்கவாட்டுக் கம்பிவலையோடு நின்று பந்துக்குப் பந்து கொப்பியில் கோடு இழுத்தார். கோடுகள் கூடக் கூட, நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

“அண்ணை, பிள்ளை இவ்வளவு பந்தை விட்டிட்டாளோ?”

“விட்டதை நான் எண்ணேல்லை, தங்கச்சி. மட்டை வீசேக்கை கண்ணை மூடினால் பந்து தொண்டையிலை படும். அவ ஒருக்காலும் மூடேல்லை. கோடெல்லாம் அதுக்குத்தான். முழுப் புள்ளி.”

அடுத்த பந்து வந்தது. மகளைப் பார்க்கப் பயந்து அவரைப் பார்த்தேன். மட்டை சுழன்றபோது அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். திறந்ததும் ஒரு கோடு இழுத்தார்.

மகள் அணிக்குத் தெரிவாகிவிட்டாள். அவள் கண்ணை யார் பார்த்தது என்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.