டேங்க் நிரப்பிய நாளில் வரும் வாசம்

கூட்டாளி டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் தராசு. பாராட்டி வைத்த பெயரல்ல. பார்க்கிங் சீட்டுக்குக் கொடுத்தது போக மிஞ்சிய சில்லறையைக்கூட முதலாளி கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறவர் என்று கேலியாக வைத்தது. அவர்கள் பார்வையில் தராசு பிழைக்கத் தெரியாத ஆள். தராசு கேட்டுவிட்டுச் சும்மா சிரிப்பார். உள்ளுக்குள் பெருமைதான். காணி நிலம், நகைநட்டு என்று எதுவும் சேர்க்காத மனிதருக்கு அந்தப் பெயர் ஒன்றுதான் சொத்து.

மகள் பிறப்பதற்கு முன்பிருந்தே ஒரே முதலாளி. டைல்ஸ் கடைக்காரர். கார் மட்டும் இரண்டு முறை மாறியது. மூன்றாவது காரில்தான் அந்த வாசம் வந்தது.

முதலில் மூக்கைப் பிடித்தது முதலாளியம்மா. "என்ன டிரைவர், உள்ளே ஏறினாலே பெட்ரோல் நாத்தம் குடலைப் புரட்டுது?"

தராசு பானெட்டைத் திறந்து பார்த்தார். ஒழுகல் இல்லை. பெட்ரோல் மூடியை மாற்றினார். இரண்டு நாளில் வாசம் தானாக நின்றது. அடுத்த முறை டேங்கை நிரப்பியதும் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

முதலாளி வியாபாரி. இரண்டையும் இரண்டையும் கூட்டத் தெரிந்தவர். "டேங்க் நிரப்பற அன்னைக்கு மட்டும் வருது, அப்புறம் போயிடுது. வாசத்துக்குக்கூட நாள் பார்க்கத் தெரியுது, பார்த்தியாப்பா?" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "தேன் எடுக்கறவன் புறங்கையை நக்காமலா இருப்பான்" என்று சிரித்தார்.

டேங்கிலிருந்து பெட்ரோல் எடுத்து விற்கிற திருடன் என்று நேராகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருக்கலாம். சிரித்துக்கொண்டே சொல்கிறவனிடம் என்னவென்று சண்டை போடுவது? பெரிய மனிதர்களின் நாகரிகமே அதுதான். குத்துவார்கள், கத்தி மட்டும் கண்ணில் படாது.

அன்று வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் கேட்டது ஒன்றுதான்: "வேலைக்கு ஒண்ணும் வந்துடாதே?"

"அந்த வாசம் எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிச்சுக் காட்டறேன். அப்ப பேசட்டும்" என்றார் தராசு.

மறுநாளிலிருந்து அதே வேலை. முதலாளியைக் கடையில் இறக்கிவிட்டு, குடோன் சுவரோரம் காரை நிறுத்துவார். கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு சீட்டாக உட்கார்ந்து மோந்து பார்ப்பார். டிக்கியின் விரிப்பைத் தூக்கினார், ஸ்டெப்னியை வெளியே எடுத்தார். சாக்கைப் போட்டுக் காருக்கு அடியில் படுத்து, டேங்கிலிருந்து போகிற குழாய்களை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். ஒரு குழாயைக் கழற்றியபோது பெட்ரோல் முழங்கை வரை வழிந்தது. சட்டையிலேயே துடைத்துக்கொண்டார். டீக்கடையில் மற்ற டிரைவர்கள், "என்ன தராசு, வழிக்கு வந்துட்டே போலிருக்கே!" என்று கண்ணடித்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லி மாளாது.

கடைசியில் வழி காட்டியது முதலாளியின் நக்கல்தான். நிரப்பினால் வருகிறது, குறைந்தால் போகிறது. அப்படியானால் ஓட்டை டேங்கின் தலைமாட்டில் இருக்க வேண்டும். பெட்ரோல் அந்த உயரத்தை எட்டும்போது மட்டும் கசிகிறது. தலைமாடு என்றால் பின்சீட்டுக்குக் கீழே, பெட்ரோலை இழுத்து எஞ்சினுக்கு அனுப்பும் பம்ப் டேங்குக்குள் இறங்கும் இடம். முதலாளி உட்காருகிற இடத்துக்கு நேர் அடியில்.

சீட்டைக் கழற்றி வட்ட மூடியைத் திறந்தார். பம்பைச் சுற்றிப் படிந்திருந்த தூசி ஒரு பக்கம் மட்டும் கறுத்து ஈரமாயிருந்தது. துடைத்துவிட்டு, மகளின் முகப்பவுடரைச் சுற்றிலும் தூவி, வேகத்தடைகளில் காரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பார்த்தார். அதே பக்கம் பவுடர் குழைந்து கூழாகியிருந்தது. கீழே இருந்த ரப்பர் வளையத்தில் வெடிப்பு. அதைப் பார்த்து தராசு அழுதுவிட்டார் என்றால் நம்புவது கஷ்டம். ஆனால் அழுதார்.

அன்றே மெக்கானிக்கிடம் புது வளையம் போட்டார். இங்கேதான் அவருடைய புத்தி அவரையே கவிழ்த்தது. பழைய வளையத்தைக் கையோடு கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம். தராசாயிற்றே, நிறுத்துப் பார்க்காமல் எதையும் சொல்ல மாட்டாரே! டேங்கை மறுபடி நிரப்பி, வாசம் வராமல் இருப்பதை உறுதி செய்துகொண்டு பேசலாம் என்று வாயை மூடிக்கொண்டார். பழைய வளையம் பட்டறைக் குப்பையோடு போயிற்று.

டேங்க் நிரம்பிய மறுநாள் முதலாளி ஏறி உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பார்த்தார். "பரவால்லையேப்பா. வாசமே இல்லை."

"ஐயா, அது பம்ப் மேல இருக்கற ரப்பர் வளையம். வெடிச்சிருந்துது. மாத்திட்டேன்."

"ஓ, வளையமா?" முதலாளி அவர் தோளைத் தட்டினார். "விடுப்பா. உன் வீட்டுக்காரம்மாதான் போன வாரமே வந்து அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டுப் போயிட்டாங்களே. நான் அன்னைக்கே மறந்துட்டேன். நீயும் நிறுத்திட்டே. அது போதும்."

அன்று தராசு எப்படி ஓட்டினார், எந்த வழியாக ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்தபோது மனைவி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அங்க எதுக்குடி போனே?"

அவள் நிமிரவில்லை. "வேலை போயிட்டா பொண்ணு படிப்பு என்னாகறது? ஏதோ புத்தி கெட்டுப் பண்ணிட்டாரு, இனிமே பண்ண மாட்டாருன்னு கெஞ்சிட்டு வந்தேன்."

"நான் எடுக்கலடி. உனக்குமா தெரியாது?"

"தினம் உங்க சட்டையைத் துவைக்கறவ நான்." மடித்த சட்டையை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். "மூணு தண்ணி மாத்தினாலும் பெட்ரோல் நாத்தம் போகல. எங்கிட்ட எதுக்குங்க மறைக்கறீங்க? நான் தப்பா நினைக்கல. எங்களுக்காகத்தானே எடுத்தீங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகப் புருஷனைப் பற்றிக் கொஞ்சம் பெருமைதான் இருந்தது.