எழுபத்திரண்டாம் பக்கத்து மூன்று ரேடார்கள்

2025 பெப்ரவரி 20, வியாழக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்து, சீனி குறைத்த பிளேன்டீ குடித்து, ஆறேகாலுக்குள் முந்தைய நாளின் நாட்குறிப்பை எழுதி முடித்தேன். ஆறு ஐம்பதுக்கு இடியப்பமும் சம்பலும். ஏழு இருபதுக்குக் கருவிப் பெட்டியுடன், கொழும்பிலிருந்து காலி நகருக்குப் போகும் பெருவீதிக்கு இறங்கி பஸ் பிடித்தேன். அன்றைய வேலை பொரளையில் ஒரு தனியார் மருத்துவமனையில். கர்ப்பிணிகளைப் பார்க்கும் ஸ்கேன் இயந்திரத்தின் கைப்பிடிக்குள் காற்றுக்குமிழி சேர்ந்து படம் மங்கலாகிறது என்று அழைத்திருந்தார்கள்.

அத்தகைய இயந்திரங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். ஐரோப்பியப் போர் விமானங்களின் ரேடார்களைப் பற்றிக் குறிப்பெடுப்பது தொழில் அல்ல. ஆனாலும் பதினைந்து வருடங்களில் அவற்றால் பதினொரு கொப்பிகள் நிறைந்துவிட்டன. அன்று காலையும் பன்னிரண்டாவது கொப்பி சாப்பாட்டு மேசையில் கிடந்தது. மனைவி அதை இடியப்பத் தட்டுக்காக ஓரமாக நகர்த்தினாள்.

"பங்கருக்குள்ள ஒளிச்சிருந்த ஆள், இப்ப பிளேனுக்குச் சாதகம் எழுதுறார்," என்றாள்.

அவள் சொன்னது உண்மைதான். யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வயதில், இரைச்சல் கேட்டால் பதுங்குகுழிக்குள் இறங்கியவன் நான். குழிக்குள் இருந்து என்னால் கேட்க மட்டுமே முடிந்தது. மேலே இருப்பவருக்கு என்ன தெரிகிறது, எவ்வளவு தெரிகிறது என்பதுதான் அப்போது என் மனதில் இருந்த ஒரே கேள்வி. பயம் போய்விட்டது. கேள்வி போகவில்லை. பிற்காலத்தில் அதற்கு விடை சொல்லும் கருவிகளைப் பற்றிப் படித்தபோது, அவற்றைச் செய்தவர்களின் மூளையை மதிக்காமல் இருக்க முடியவில்லை.

அந்த மதிப்பை என்னுடன் பகிர்ந்துகொள்ள கொழும்பில் ஒருவர்தான் இருந்தார். கொட்டாஞ்சேனையில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கும் ஒரு டீச்சர். என்னை விட எட்டு வயது மூத்தவர். ஒரு பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் அவர் ரேடாரைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு பிழையைக் காட்டிக் கடிதம் எழுதினேன். அவர் நன்றி சொல்லிப் பதில் எழுதினார். என் கடிதத்தில் இருந்த இரண்டு பிழைகளையும் சேர்த்துக் காட்டியிருந்தார். அப்படித் தொடங்கிய பழக்கம். நான்கு வருடமாக அவர் ரேடாரைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். தமிழ் மொழிமூலம் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த விடயத்தில் பிழையில்லாத ஒரு புத்தகமாவது இருக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அந்தப் புத்தகம் வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்குப் பாமன்கடையில் ஒரு அச்சகத்தில் அச்சேற இருந்தது. மார்ச் முதலாம் தேதி வெளியீட்டு விழா. அழைப்பிதழ் எல்லாருக்கும் போய்விட்டது.

புத்தகத்தின் கடைசி அத்தியாயம் மூன்று விமானங்களை ஒப்பிடுகிறது: பிரான்சின் ரஃபால், நான்கு நாடுகள் சேர்ந்து செய்த டைஃபூன், சுவீடனின் கிரிப்பன். எழுபத்திரண்டாம் பக்கத்தில் ஒரு அட்டவணை. தலைப்பு: இன்று பறப்பவை. எழுபத்து மூன்றாம் பக்கத்தில் டைஃபூன் ஏன் முதலிடம் பெறுகிறது என்ற முடிவுரை. முடிவுரை டீச்சருடையது. அட்டவணை என்னுடையது, என் கொப்பிகளிலிருந்து நானே தயாரித்துக் கொடுத்தது.

பொரளையில் வேலை பன்னிரண்டரைக்கு முடிந்தது. அந்தக் கைப்பிடிக்குள் நுண்ணிய பளிங்குகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் மற்றதை விட மிகச் சிறு நேரம் முந்தியோ பிந்தியோ ஒலியை அனுப்பும். அந்த முந்திப் பிந்தலாலேயே ஒலிக்கற்றை வேண்டிய பக்கம் திரும்பும். எதுவும் அசையத் தேவையில்லை. ஆனால் குழந்தையின் முகத்தை முழுதாகக் காட்டும் கைப்பிடியில், அந்த வரிசையையே ஒரு சின்ன மோட்டார் எண்ணெய்க்குள் அங்குமிங்கும் அசைக்கும். டைஃபூனின் புதிய ரேடாரும் இதே யோசனைதான். மின்னணு முறையில் கற்றையைத் திருப்பும் அன்டெனாவை ஒரு சுழலும் தட்டில் ஏற்றியிருக்கிறார்கள். அதனால் விமானம் வேறு திசைக்குத் திரும்பிய பிறகும், தோளுக்குப் பின்னால் பார்ப்பதுபோல, இலக்கைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எண்ணெய் மாற்றும்போதெல்லாம் இதை நினைத்து வியப்பேன்.

இயந்திரத்தைப் பொறுப்பேற்ற தாதி பதிவேட்டைத் திறந்து, "சேர், இது எந்த வருஷத்து மெஷின்?" என்று கேட்டார்.

என் சேவைக் கொப்பியைப் பார்த்து, "இரண்டாயிரத்து பத்தொன்பது," என்றேன்.

அவர் குனிந்து இயந்திரத்தின் பின்புறத் தகட்டை வாசித்தார். "இதுல பதினாறுன்னு போட்டிருக்கே. நான் கேட்டது மெஷின் செஞ்ச வருஷம் சேர். நீங்க வந்து பொருத்தின வருஷம் இல்ல."

திருத்தி எழுதினோம். பெட்டியைப் பூட்டிக்கொண்டு படியிறங்கும்போதுதான் என் ரேடார் கொப்பிகள் நினைவுக்கு வந்தன.

என் கொப்பிகளில் தேதி இல்லாத வரியே கிடையாது. அதில் எனக்குப் பெருமை. ஆனால் அந்தத் தேதிகள் எல்லாம் நான் வாசித்து எழுதிய நாளின் தேதிகள். டைஃபூனின் சுழலும் தட்டைப் பற்றி முதன்முதலில் வாசித்த அன்று அது பரிசோதனையில் இருந்த ஒரு மாதிரி மட்டுமே. நான் அன்றைய தேதியைப் போட்டு எழுதினேன். பல வருடம் கழித்து அட்டவணை போட்டபோது, அந்தத் தேதியிலிருந்தே அந்த ரேடார் பறந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். டீச்சரின் முடிவுரை முழுவதும் அந்த ஒரு வரியில் நின்றது.

மருத்துவமனை வாசல் வாங்கில் உட்கார்ந்து தொலைபேசியில் ஒன்றரை மணி நேரம் சரிபார்த்தேன். சந்தேகத்துக்கு இடமில்லை. அந்தப் புதிய ரேடார் வளைகுடாவில் இரண்டு நாடுகள் வாங்கிய டைஃபூன்களில்தான் பறக்கிறது. ஐரோப்பிய நாடுகளின் டைஃபூன்களில் இன்னும் பழைய, மோட்டாரால் திரும்பும் அன்டெனாதான். வியாழன் பிற்பகல் இரண்டு மணி. அச்சுக்கு இன்னும் பதினாறரை மணி நேரம் இருந்தது. கொட்டாஞ்சேனை பஸ்ஸில் ஏறினேன்.

டீச்சர் கதவைத் திறந்ததும், "என்ன தம்பி, முகம் இப்படிக் கறுத்துப் போயிருக்கு? கரண்ட் பில் வந்திச்சா?" என்றார்.

"டீச்சர், எழுபத்திரண்டாம் பக்கம் பிழை. நான் விட்ட பிழை."

"எழுத்துப் பிழையா?"

"இல்லை. டைஃபூனுக்கு முதலிடம் குடுத்ததே பிழை. நாங்கள் எழுதின ரேடார் ஐரோப்பாவில இன்னும் படைக்குள்ள வரேல்ல. நான் வாசிச்ச திகதியை அது பறந்த திகதி எண்டு போட்டிட்டன். பொரளையில ஒரு நர்ஸ் மெஷின் செய்த வருஷம் கேட்டாப் பிறகுதான் விளங்கிச்சுது."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மேசையில் அச்சகம் அனுப்பிய இறுதிப் பிரதி இருந்தது. அதைத் தன் பக்கம் இழுத்து எழுபத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்தார்.

"நாலு வருஷம். என்ட கமாவைக்கூட விடாம புடிச்சீங்களே தம்பி. இதைப் போய் விட்டுட்டீங்களே."

"ஓம் டீச்சர்."

"யாராவது கண்டுபிடிப்பாங்களா?"

"கொழும்பில ரெண்டு பேர் கண்டுபிடிப்பினம்."

"யாரு அவங்க?"

"ஒண்டு நான்."

"மத்தது?"

"இப்ப நீங்கள்."

அவர் சிரித்துவிட்டார். பிறகு சிவப்புப் பேனையை எடுத்து, எழுபத்து மூன்றாம் பக்கத்தின் மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரை ஒரே கோடாக இழுத்தார். "வருஷம் பார்க்காம அட்டவணை போட்ட பிள்ளைக்கு இதைத்தான் செய்வேன். எனக்கு மட்டும் சலுகையா? உட்காருங்க. மத்தியானம் சாப்பிட்டிருக்க மாட்டீங்க, பனிஸ் இருக்கு."

முப்பது வருடம் கற்பித்தவர். தன் சொந்தப் பக்கத்தை வெட்ட அவருக்குத் தேவைப்பட்டது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. இதை நான் எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறேன் என்று யோசித்தேன். வேறு யாரிடமும் பார்த்த நினைவில்லை.

முதலில் அச்சகக்காரரை அழைத்தார். ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்டது. "டீச்சர், காலமை ஆறரைக்கு அச்சுக்கு பிளேட் போட்டிருவன். அதுக்கு முன்னம் வந்தா மாத்துறன். பிந்தினா என்னைக் கோவிக்கக் கூடாது. திங்கள் தொடக்கம் பரீட்சைத் தாள் வேலை, பிறகு ஏப்ரல்லதான் உங்கட புத்தகம். மெயில்ல அனுப்பாதேங்கோ, எழுத்து உடையுது. பென் டிரைவில தாங்கோ, அடிச்ச தாளும் வேணும். முக்கியம், வரி கூடக் கூடாது. கூடினா பின்னுக்கு எல்லாப் பக்கமும் ஓடிரும்."

எழுபத்து மூன்றாம் பக்கத்தில் முப்பத்தொரு வரிகள். முப்பத்தொரு வரிகளுக்குள் உண்மையைச் சொல்ல வேண்டும். மூன்று ஐம்பதுக்குத் தொடங்கினோம்.

அட்டவணையில் ஒரு நிரலை இரண்டாகப் பிரித்தேன்: இப்போது படையில் இருப்பது, வர இருப்பது. ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு இடங்களில் சரிபார்த்த பிறகே டீச்சருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் மடிக்கணினியில் தட்டினார். அப்படிப் பிரித்ததும் மூன்று விமானங்களும் எனக்கே புதிதாகத் தெரிந்தன.

ரஃபாலின் அன்டெனா அசையாதது. பக்கவாட்டுப் பார்வை அந்த அளவுக்குக் குறைவு. ஆனால் அசையும் பாகமே இல்லாத அந்த மின்னணு ரேடாரை ஐரோப்பாவில் முதலில் படையணிக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான். பத்து வருடத்துக்கு மேலாகப் பறக்கிறது. "மத்தவங்க வரைபடம் கீறிட்டிருக்க, இவங்க ஓட்டிட்டிருக்காங்க," என்றார் டீச்சர். ரேடாரை விட எனக்குப் பிடித்தது அதன் உடம்பெங்கும் பதித்திருக்கும் உணரிகள். தன்னை யார் எந்தத் திசையிலிருந்து பார்க்கிறார்கள் என்பதை அவை விமானிக்குச் சொல்லும்.

டைஃபூனின் பழைய ரேடாரை இழிவாக எழுத டீச்சர் விடவில்லை. மோட்டாரால் திரும்பும் அன்டெனாக்களில் அதுவும் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று என்று ஒரு வரி சேர்த்தார். அது சரி. அத்தோடு விமானி அறைக் கண்ணாடிக்கு முன்னால், மூக்கின் இடப்பக்கத்தில், அதற்கு ஒரு வெப்பக் கண் உண்டு. எந்த அலையையும் அனுப்பாமல், எதிரியின் விமானச் சூட்டை மட்டும் தூரத்திலிருந்து உணர்கிற கண். பார்ப்பது பார்க்கப்படுபவருக்குத் தெரியாது. எல்லா நாடுகளும் அதைப் பொருத்தவில்லை என்பதையும் எழுதச் சொன்னேன்.

கிரிப்பனுக்கு வந்தபோது டீச்சர் எழுந்து நடக்கத் தொடங்கினார். புதிய வகையில் சுழலும் தட்டும் வெப்பக் கண்ணும் உண்டு. ஆனால் அவை இன்னும் சில மட்டுமே, பிரேசிலில் பறக்கின்றன. பழைய வகையில் பழைய ரேடார். இருந்தாலும் சின்ன நாட்டின் சின்ன விமானம் செய்த ஒரு காரியம் உண்டு. கூட்டமாகப் போகும்போது ஒன்று மட்டும் ரேடாரை இயக்கும். மற்றவை தம்முடையதை அணைத்துவிட்டு, அது பார்ப்பதைத் தம் திரையில் வாங்கிக்கொள்ளும்.

"என்ட வகுப்பு மாதிரி," என்றார் டீச்சர். "ஒருத்தன் கணக்கு செய்வான். மத்தவன் எல்லாம் சத்தம் போடாம எழுதிக்குவான்."

"இதைப் புத்தகத்தில போடுவமா?"

"ரெண்டு வரி தாங்க, போடுறேன்."

இரண்டு வரிகளைத் தேடிப் பார்த்தோம். முதலிடம் யாருக்கு என்ற வாக்கியமே ஐந்து வரி எடுத்திருந்தது. டீச்சர் அதை அழித்தார். எந்த ஆண்டில், எந்த நாட்டின் விமானம் என்று கேட்காமல் எது சிறந்தது என்று கேட்பது பௌதிகவியலில் அலகு இல்லாத எண்ணைப் போன்றது என்று அதன் இடத்தில் எழுதினார். அது மூன்று வரி. மிச்ச இரண்டில் அவருடைய வகுப்பு ஏறியது.

நான் அளவுகோலை வைத்து எண்ணினேன். முப்பத்தொன்று. மறுபடி எண்ணினேன். ஆறு நாற்பதுக்குப் பென் டிரைவையும் அச்சடித்த இரண்டு தாள்களையும் ஒரு உறையில் போட்டுத் தந்தார். வாசல் வரை வந்தவர், "தம்பி, பொரளைல அந்த நர்ஸ் பிள்ளைக்கு ஒரு புத்தகம் கொண்டுபோய்க் குடுங்க. அவ கேட்காட்டி நாளைக்கு நாம ரெண்டு பேரும் பொய்யை அச்சடிச்சிருப்போம்," என்றார்.

வீட்டுக்கு வரும்போது எட்டு மணி. மனைவி உறையைப் பார்த்துவிட்டு, "டைஃபூன் தோத்திட்டுதோ?" என்று கேட்டாள். தோற்கவில்லை, அதன் தேதியைத் திருத்தியிருக்கிறோம் என்றேன். அவளுக்கு அது போதவில்லை. சோற்றைப் போட்டுக்கொண்டே மூன்று விமானங்களைப் பற்றியும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். உறையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன்.

வெள்ளிக்கிழமை நான்கு ஐம்பதுக்கு எழுந்தேன். தேநீர் குடிக்கவில்லை, நாட்குறிப்பும் எழுதவில்லை. பாமன்கடைக்கு நடந்துபோய், ஐந்து நாற்பதுக்கு அச்சகத்தின் இரும்புக் கதவைத் தட்டினேன். தோளில் துவாயோடு வந்த அச்சகக்காரர் கணினியை இயக்கி, இரண்டு பழைய பக்கங்களையும் நீக்கி, புதியவற்றை ஏற்றி, ஒரு சரிபார்ப்புப் பிரதி அடித்து நீட்டினார். கதவோரத்து வெளிச்சத்தில் நின்று எழுபத்திரண்டை ஒவ்வொரு கட்டமாக வாசித்தேன். எழுபத்து மூன்றை முப்பத்தொரு வரியும் வாசித்தேன். எழுத்து ஒன்றும் உடைந்திருக்கவில்லை.

"சரியோ?" என்று கேட்டார்.

"சரி. அடியுங்கோ," என்றேன்.