விடை சொல்லாத அருளம்பலம் மாஸ்டர்

அருளம்பலம் மாஸ்டர் காலமாகிவிட்டார் என்று அவருடைய மருமகன் யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் சொன்னபோது, நான் பாடசாலை விட்டு வந்து ஈரக் குடையை விரித்து வைத்துக்கொண்டிருந்தேன். "எப்பங்க?" என்றேன். "விடியக்காலமை. நித்திரையிலேயே" என்றார். வெளியே மலையைக் காணோம். பனிமூட்டம் வாசற்படி வரை வந்து நின்றது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் மலையகத்துக் கொட்டகலையில் எங்கள் பாடசாலைக்குப் புவியியல் படிப்பிக்க வந்தவர். போரினால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை மூடிக் கிடந்த காலம். மனைவியும் மகளும் அங்கே, அவர் பக்கத்து அட்டனில் ஒரு வாடகை அறையில். காலை ரயிலில் ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்தே வருவோம். அவர் கையில் வாரப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் பக்கம் இருக்கும். சாதாரணக் குறுக்கெழுத்து அல்ல, குறிப்பே நம்மோடு கண்ணாமூச்சி ஆடும் வகை.

"கடைசி எழுத்தைச் சிந்திவிட்ட தேனோடு ஓர் இலை. மூன்று எழுத்து" என்று ஒருநாள் வாசித்தார். பெட்டியே மண்டையைப் பிய்த்துக்கொண்டது. "குறிப்பைப் பார்க்காதேங்கோ ரீச்சர், வெளியில பாருங்கோ" என்று சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார். வண்டி சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழைந்தது. இருட்டு, புகை மணம், சக்கரங்களின் தாலாட்டு. தூக்கமா விழிப்பா என்று தெரியாத ஒரு நேரம். வெளிச்சத்துக்கு வந்ததும் மலை முழுக்கப் பச்சையாய் விரிந்தது. தேனில் 'ன்' போனால் 'தே', அதோடு இலை. "தேயிலை!" என்று கத்தினேன். தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அது தெரிய ஒரு சுரங்கம் வேண்டியிருந்தது, போங்க!

விடை அவருக்கு முன்பே தெரியும். சொல்லவே மாட்டார். "சொன்னா அது என்ர விடை. உங்களுக்கு என்ன லாபம்?" என்பார். நாங்கள் கண்டுபிடித்து, ஏன் என்றும் விளக்கிய பிறகுதான் கட்டத்தில் எழுதுவார். அதுவரை பத்திரிகையின் ஓரத்தில் எழுத்துகளைக் குலைத்துக் குலைத்துப் போட்டுக்கொண்டிருப்பார்.

அந்தப் பழக்கமே அவரை மாட்டிவிட்டது. ஒரு மாலை வீதிச் சோதனையில் பொலிஸார் பத்திரிகையை விரித்துப் பார்த்தார்கள். ஓரமெல்லாம் பொருளில்லாத எழுத்துகள், அடையாள அட்டையில் வடக்கு முகவரி. சங்கேத மொழி என்று சந்தேகித்து, பொலிஸ் நிலையத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். எனக்குச் சிங்களம் நன்றாக வரும் என்று அதிபர் என்னையும் அழைத்துக்கொண்டு ஓடினார். அந்தக் காலத்தில் உள்ளே போனவர் எப்போது வெளியே வருவார் என்று யாராலும் சொல்ல முடியாது. இது வெறும் சொல் விளையாட்டு என்று சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"விளையாட்டு என்றால் விளையாடிக் காட்டட்டும்" என்றார் பொறுப்பதிகாரி. மாஸ்டர் யோசித்து, தன் உடைந்த சிங்களத்தில் ஒரு குறிப்பு சொன்னார்: "ஊரைத் திருப்பிப் போட்டால் வழி." சிங்களத்தில் ஊர் 'கம', திருப்பினால் 'மக', அதாவது வழி. எனக்கு விளங்கிவிட்டது. அதிகாரிக்கு விளங்கவில்லை. அவர் முகம் கறுத்தது.

"சொல்லிடுங்க சார், ஒங்க கால்ல விழுறேன்" என்று கெஞ்சினேன்.

"பொறுங்கோ ரீச்சர். அவருக்கு வரும்."

உயிர் போகிற நேரத்தில் இந்த மனுசனுக்கு என்ன பிடிவாதம்! அவர் தலையில் ஒரு குட்டு வைக்கலாம் போலிருந்தது.

அதிகாரி யன்னலைப் பார்த்தார். வெளியே மழை. பேனையை மேசையில் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, கனவிலிருந்து எழுந்தவர் போல, "மக" என்றார். சொன்னவர் தானே சிரித்துவிட்டார். தேநீர் வந்தது. இன்னொரு குறிப்பும் கேட்டார். இருட்டுமுன் மாஸ்டரை எங்களோடு அனுப்பிவிட்டார்.

"நாங்கள் சொல்லியிருந்தா நம்பியிருக்கமாட்டார் ரீச்சர். தான் கண்டுபிடிச்சதைத்தான் மனுசன் நம்புவான்" என்றார் வழியில். சொல்லிக்கொண்டே பத்திரிகையை நாலாக மடித்துச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டார்.

பாதை திறந்ததும் இடமாற்றம் வாங்கிக்கொண்டு குடும்பத்திடம் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு எங்கள் குறுக்கெழுத்து தொலைபேசியில் நடந்தது. நான் குறிப்பை வாசிப்பேன். "யோசியுங்கோ" என்று வைத்துவிடுவார். நான் விடை கண்டுபிடித்த பிறகு, அடுத்த வாரம்தான் மற்றப் பேச்சு.

போன மாதம் கடைசியாகப் பேசினோம். குறிப்பை வாசித்து முடித்தேனோ இல்லையோ, விடையைச் சொல்லிவிட்டார். இருமலுக்கிடையே விளக்கத்தையும் சொன்னார்.

"என்ன சார், நீங்களே சொல்லிட்டீங்க?"

"சும்மாதான் ரீச்சர்."

தொலைபேசியை வைத்துவிட்டு அழுதேன். பொலிஸ் நிலையத்தில்கூடக் காத்திருந்தவருக்கு, இப்போது காத்திருக்க நேரமில்லை.

அந்தக் கட்டத்தை நான் நிரப்பவில்லை சார். போயிட்டு வாங்க.