அங்கி போட்ட படம்

எழுபதுகளின் தொடக்கத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய எளாவூர் சோதனைச் சாவடியில் லாரிகள் நிற்கும் இடத்தில் அவரைப் பார்த்தேன். ஆரம்பாக்கம் பக்கத்து நெல் விவசாயி. நரைத்த மீசை, வெளுத்த வேட்டி. கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு படம். அதன் கீழ்ப்பாதியைத் தோள்துண்டால் மூடி, டிரைவர்களிடம் முகத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்தார்.

"என் பையன்பா. இங்கதான் லாரி ஏறினான்னாங்க. பார்த்தியா?"

காற்றில் துண்டு விலகியது. கறுப்புப் பட்டமளிப்பு அங்கி, கையில் சுருட்டிய காகிதம். கல்லூரியின் கடைசி வாரங்களில் ஸ்டூடியோவில் அங்கியை வாடகைக்கு எடுத்து, பட்டம் வருமுன்பே சிலர் இப்படிப் படம் பிடித்துக்கொள்வார்கள்.

ஒரு டிரைவர் சிரித்தார். "இன்னா நைனா, பட்டம் வாங்கினவன் லாரி ஏறி ஓடுவானா? வேலை தேடிப் போயிருப்பான், வந்துடுவான்."

"பட்டம் வாங்கலபா. ரிசல்ட் வரட்டும்னு அவன் சொன்னான். நான்தான் இட்டுக்கினு போய் எடுத்தேன். ஊரே வந்து பார்த்துச்சு. அப்பால பெயிலுன்னு வந்துச்சு. மறுநாள் ஆளக் காணோம்."

"வேற படம் இல்லியா?"

"இது ஒண்ணுதான்."

மறுபடி அங்கியை மூடிக் காட்டினார். டிரைவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். "இப்டி மூடினா எல்லாப் பையனும் இப்டித்தான் இருக்கான், நைனா."

அடுத்த லாரி வந்து நின்றது. துண்டை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் அவர் கை சட்டத்தின் மேலேயே நின்றது.