மறுபடியும் பஸ் ஏறியது

எண்பதுகளின் தொடக்கத்தில் உசிலம்பட்டிப் பள்ளியொன்றில் கணக்கு டீச்சராக இருந்தேன். வீடு மதுரையில். தினமும் பஸ்ஸில்தான் போய்வருவேன். ஓர் ஐப்பசி மழையில் நான் ஏறிய பஸ் சாலையிலிருந்து வழுக்கிக் கண்மாய்க்குள் கவிழ்ந்தது. எனக்குக் கையில் சிராய்ப்பு மட்டும். பக்கத்தில் இருந்த பெண் பிழைக்கவில்லை. மகளுக்கு வளைகாப்பு வைத்திருப்பதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டு வந்தவள்.

காயம் ஆறியது. ஆனால் ஹாரன் சத்தம் கேட்டாலே உள்ளங்கை வியர்த்து மூச்சடைக்கும். பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பிவிடுவேன். லீவு நீண்டுகொண்டே போனது. மாமியார் மந்திரித்துக் கயிறு கட்டினார். வேலையை விட்டுவிடு என்று கணவர் ஒருநாளும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அதுவே எனக்குப் பெரிய துணை.

பள்ளியில் என்னோடு இருந்த அறிவியல் டீச்சர், தெற்குவாசல் முஸ்லிம் வீட்டுப் பெண், என்னைப் பார்க்க வந்தாள். ஹிப்னாடிசத்தால் மன பயத்தைக் குறைக்கும் டாக்டரம்மா ஒருவரைப் பற்றிச் சொன்னாள். எனக்கோ அதுவே பயம். பொருட்காட்சி மேடையில் ஒருவன் ஆளை மயக்கிப் பச்சை வெங்காயத்தை ஆப்பிள் என்று தின்னவைத்ததைப் பார்த்திருக்கிறேன். என்னை எதையாவது உளற வைத்துவிட்டால்?

“நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்க்கா,” என்றாள். சொன்னபடியே ஒவ்வொரு முறையும் கூட வந்து உட்கார்ந்தாள்.

டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். அறையில் சுழலும் சக்கரமோ ஆடும் கடிகாரமோ இல்லை. ஒரு சாய்வு நாற்காலி மட்டும்.

“தூங்க மாட்டீங்க டீச்சர். நான் பேசுறது அம்புட்டும் கேக்கும். வேணாம்னு தோணுனா கண்ணத் தொறந்துக்கிருங்க,” என்றார்.

உடம்பு எங்கே நிம்மதியாக இருந்திருக்கிறது என்று கேட்டார். சிறுவயதில் பம்புசெட் தொட்டியில் குளித்ததைச் சொன்னேன். கண்ணை மூடச் சொல்லி, அந்தத் தண்ணீர் தோளில் விழுவதைப் பற்றியே மெதுவாகப் பேசினார். கை கனத்தது, தாடை தளர்ந்தது. பற்களை இறுகக் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. அன்று விபத்தைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

பிறகு வந்த நாட்களில், அந்தக் குளிர்ச்சிக்குள் என்னை இருத்திக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக மனதாலேயே பஸ்ஸுக்குள் அழைத்துப் போனார். படபடத்தால் தண்ணீருக்குத் திரும்பிவிடலாம். ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அந்தப் பெண்ணின் குரல் தெளிவாகக் கேட்டது, வெகுநேரம் அழுதேன். டாக்டரம்மா தடுக்கவில்லை. வீட்டில் நானாகவே அப்படி அமைதியாக இருந்து பழகவும் சொல்லித்தந்தார்.

அறிவியல் டீச்சரும் நானும் முதலில் நிற்கிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து இறங்கினோம். அப்புறம் உசிலம்பட்டி போகிற வழியில் பக்கத்திலேயே இருக்கும் நாகமலை புதுக்கோட்டை வரை. பயம் தாங்காமல் பாதியில் இறங்கிய நாட்களும் உண்டு. தை பிறந்ததும் பள்ளிக்குத் திரும்பினேன்.

அதன்பின் இறந்தவளின் வீட்டைத் தேடிப் போனேன். முன்பென்றால் அந்தத் தெருப்பக்கமே போயிருக்க மாட்டேன். மனைவி கடைசியாக என்ன பேசினாள் என்று அவள் கணவர் கேட்டார். வளைகாப்புப் பேச்சை, அவள் சிரித்ததை, தடுமாறாமல் முழுவதும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர், “சிரிச்சுக்கிட்டுத்தான் போனாளா,” என்றார். பேரப்பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் கிடத்தினார்கள்.

இதை டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவர் கண்களும் கலங்கின. இனி நான் வரவேண்டியதில்லை என்றார். அறிவியல் டீச்சரும் நானும் வெளியே வந்து ஜிகர்தண்டா குடித்தோம். நன்றி என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். அவள் கையைப் பிடித்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன்.