மாற்று நுரையீரலைக் கழுவிய தண்ணீர்

எங்கள் தொழிலில் அடுத்தவர் நுரையீரலைக் கழுவி எடுத்த தண்ணீரைப் பார்த்தால் முகம் சுளிக்கக் கூடாது. மைக்ராஸ்கோப்பில் குனிந்து குனிந்தே கழுத்து பிடித்துக்கொண்ட என் இனத்தாரே, உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். நான் சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் இருக்கிறேன்.

கடலூரில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அருள்தாஸுக்குச் சென்னையில் மாற்று நுரையீரல் வைத்திருந்தார்கள். நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று மூச்சு வாங்கியது. உடம்பு புது நுரையீரலை ஏற்க மறுக்கிறதா, அல்லது கிருமித் தொற்றா? மறுப்பு என்றால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் கூட்ட வேண்டும். கிருமி இருக்கும்போது அதைக் கூட்டினால் ஆளே போய்விடுவார். எது என்று அந்தத் தண்ணீரில் தேடுவது என் வேலை.

ஐஸ் பெட்டி

கடலூரில் மூச்சுக்குழாய்க்குள் டியூப் விட்டு, உப்புத் தண்ணீர் செலுத்தி, உறிஞ்சி எடுத்தார்கள். "ஐஸில் வைத்து உடனே கொண்டுவாருங்கள்" என்று போனில் சொல்லியிருந்தேன். அருள்தாஸின் மச்சான் ஜான் துறைமுகத்துக்கே போய், மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் ரொப்பிக் கொண்டுவந்துவிட்டார். நல்லவேளை, சீசா இறுக்கமாக மூடியிருந்தது. திறந்ததும் லேப் முழுக்க மீன் வாசனை. நான் முறைத்தேன்.

"வஞ்சிரம் நாலு நாள் இதுல கெடக்கும், கெட்டே போவாது மேடம். இது ஒரு மணி நேரம்தானே."

எச்சில்

ஸ்லைடில் பார்த்தால் வாய்க்குள் உதிரும் செல்களாகவே கிடந்தன. நுரையீரல் ஆழம் வரை போகாத சாம்பிள். கடலூர் டாக்டருக்குப் போன் போட்டு, மறுபடி எடுக்க வேண்டும் என்றேன். "இருக்கறத வச்சு எழுதிக் குடுங்களேன்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எச்சிலைப் பார்த்து ஜோசியம் சொல்ல எனக்குத் தெரியாது, இங்கே அனுப்புங்கள், எங்கள் டாக்டர் எடுப்பார் என்று சொல்லிவிட்டேன். பாவம், மூச்சு விடவே திணறுகிறவருக்கு மறுபடி டியூப். டாக்டர் பக்கத்திலிருந்த அருள்தாஸ் போனை வாங்கினார்.

"எட்டு போட வராதவன எத்தன தடவ திரும்பப் போட வச்சிருக்கேன். நானும் இன்னொரு தடவ போடறேன் மேடம்."

நுரை

இந்தத் தடவை எங்கள் டாக்டர் எடுத்த சாம்பிளின் மேலே நுரை கட்டியிருந்தது. நுரையீரலின் அடி ஆழத்திலிருந்து வந்தால்தான் அப்படி நுரைக்கும். நான் மனசுக்குள் கும்பிடு போட்ட நேரம், வார்டு ஆயா கலா அக்கா அதை சிங்க்கில் கொட்டப் போனார். ஓடிப் போய்ப் பிடுங்கினேன். கத்தியும்விட்டேன்.

"சீசால சோப்பு போவலன்னு போன வாரம் திட்டுன. இன்னிக்கு நுரைய ஊத்தாதன்னு திட்டற. நான் எதத்தான் கேக்கறது?"

மாடிப்படி

லிம்போசைட் என்கிற வெள்ளணுக்கள் ஏராளமாக இருந்தன. பாக்டீரியா, பூஞ்சை, காசநோய் என்று ஒவ்வொன்றுக்கும் சாயம் போட்டுத் தேடினேன். எதுவும் இல்லை. செல்களை மூன்று தடவை எண்ணினேன். பயமாகத்தான் இருந்தது, ஒரு உயிர் இல்லையா? மறுப்பாக இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். சென்னையில் திசு எடுத்துப் பார்த்தார்கள், அதுவும் மறுப்பு என்றே சொன்னது. மருந்தைக் கூட்டினார்கள்.

சில வாரம் கழித்து, லேபுக்கு வருவதாக அருள்தாஸ் கீழிருந்து போன் செய்தார். லிப்ட் வேண்டாமாம். படியில் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பாதியில் நின்றுவிட்டது. ஓடிப் போய் எட்டிப் பார்த்தேன். குனிந்து நின்றவர் நிமிர்ந்தார்.

"செருப்பு வாரு அறுந்துபோச்சு மேடம். மூச்சுல்லாம் நல்லாத்தான் கீது."

அடுத்தவர் செருப்பு அறுந்ததற்கு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டது என் சர்வீஸிலேயே அன்றைக்குத்தான்.