நாங்கள் என்று எழுதியவர்

ஸ்டெனோ என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். வக்கீல் ஆபீசில் சேர்ந்த புதிதில் ஒட்டிக்கொண்ட பெயர். பிறகு அது தெருவுக்கு வந்தது, பால்காரர் வாய்க்குப் போனது, கடைசியில் கட்டிய மனைவிக்கே தொற்றிக்கொண்டது. கோபம் வந்தால் அவளும், "ஸ்டெனோ சார், கொஞ்சம் காது குடுக்கறீங்களா?" என்பாள்.

ஆபீசில் பெரிய வக்கீல் நடந்துகொண்டே பேசுவார். பாதி வாக்கியம் வாய்க்கு வரும், மீதி தொண்டையிலேயே நின்றுவிடும். அதை ஒரு சொல் சிந்தாமல் சுருக்கெழுத்தில் பிடித்து, டைப் அடித்து மேசையில் வைப்பது ஸ்டெனோவின் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் தொடங்கிய வேலை, மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகும் ஓடிக்கொண்டிருந்தது.

பெரிய வக்கீல் காலமானார். அவர் மகன் ஆபீசை ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மாடிக்கு மாற்றினார். அங்கே அவரவர் கம்ப்யூட்டரில் அவரவரே அடித்துக்கொண்டார்கள். ஸ்டெனோ ஒரு வாரம் வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். வருகிறவர்கள் அவரைக் கட்சிக்காரர் என்று நினைத்து, "உங்க கேஸ் எப்போ வருது?" என்று விசாரித்தார்கள். அதன் பிறகு சின்ன வக்கீல் அவரை உள்ளே அழைத்தார்.

"சார், தப்பா நெனைச்சுக்கக் கூடாது. உங்க கைக்கு வெளியில எவ்வளவோ வேலை இருக்கு. வீட்ல இருந்தே ஃப்ரீலான்ஸா பண்ணலாமே. யார் முன்னாடியும் கைகட்டி நிக்க வேண்டாம்."

ஸ்டெனோ தலையாட்டிவிட்டு வந்தார். நாசூக்காகப் போகச் சொல்லியிருக்கிறார்கள் என்பது படி இறங்கும்போதுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்து சொல்லி அழவும் ஆளில்லை. மகளுக்குக் குழந்தை பிறந்ததும் மனைவி துணைக்குப் போயிருந்தாள். குழந்தை தவழ்கிற வரைக்கும் என்று போனவள், நடக்கிற வரைக்கும் என்றாள், பிறகு பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் என்றாள். மகள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு படுக்கையறை. மனைவி ஹாலில் குழந்தையோடு படுத்துக்கொண்டாள். இவரும் போனால் பால்கனியில் செருப்போடு செருப்பாகத்தான் படுக்க வேண்டும். அதுவும் மருமகன் வீட்டில். அவர் போகவில்லை.

சில வாரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஆனால் விரல்கள் சும்மா இருக்க மாட்டேன் என்றன. டீவியில் யார் பேசினாலும் தொடையின் மேல் டைப் அடித்தன. ஒருநாள் எழுந்து மகளின் அறையை ஒழித்தார். அவள் படித்த மேசையைத் துடைத்து ஜன்னலோரம் போட்டார். ஒரு கம்ப்யூட்டர், காதை முழுசாக மூடுகிற ஹெட்ஃபோன், காலால் அழுத்தினால் பேச்சு நின்று மறுபடி அழுத்தினால் தொடருகிற ஒரு மிதி. ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதித் தருவது என்று முடிவு செய்தார். கடை திறந்தாயிற்று, ஈ ஓட்டத்தான் ஈ கூட இல்லை.

முதலில் உள்ளதை உள்ளபடி எழுதித்தான் வேலை கேட்டார். பெயர், வயது, அனுபவம். பல இடங்களிலிருந்து பதிலே இல்லை. ஒரே ஒரு இடத்திலிருந்து வந்த பதிலில், "தங்கள் அனுபவத்தை மதிக்கிறோம். ஆனால் எங்களுக்கு இளைய, வேகமான குழு தேவை" என்றிருந்தது. ஸ்டெனோவுக்கு மூஞ்சியில் அறைந்த மாதிரி இருந்தது. அவருடைய வேகத்துக்கு அந்தக் காலத்தில் நீதிமன்றமே வாய் பிளந்திருக்கிறது.

குழுதானே வேண்டும், வைத்துக்கொள்ளுங்கள் என்று அடுத்த நாளே 'துல்லியம் எழுத்துச் சேவை' என்று பெயர் வைத்தார். அன்றிலிருந்து எழுதிய மெயில் எல்லாம் "நாங்கள்" தான். "எங்கள் குழு தங்கள் பதிவைப் பெற்றுக்கொண்டது." "இணைப்பைக் காண்க." குழுவாவது கிழுவாவது. காலையில் எழுந்து காப்பி போட்ட குழுவும் அவர்தான், அந்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த குழுவும் அவர்தான். ஆனால் வேலை வந்தது. விற்பனைக் கூட்டங்கள், யாரோ ஒரு டாக்டரின் சொற்பொழிவு, சொத்துக்காக அண்ணன் தம்பி போட்ட சண்டை. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே முடித்து அனுப்பினார். ஒருவர் இன்னொருவருக்குச் சொல்ல, சும்மா இருக்கிற நாளே இல்லை என்றாகிவிட்டது.

தெருவுக்கு மட்டும் அது தெரியவில்லை. மாடி வீட்டு அம்மா தினமும் ஆபீஸ் கிளம்பும்போது கதவைத் தட்டுவார். "நீங்க வீட்ல சும்மாதானே இருக்கீங்க, பார்சல் வந்தா வாங்கி வைங்க சார்." ஹாலில் மாடி வீட்டுப் பார்சல்கள் மலையாகக் குவிந்தன. சும்மா இல்லை அம்மா, வேலை பார்க்கிறேன் என்று சொல்ல நாக்கு நுனி வரை வரும். ஆனால் அவர் வாய் திறப்பதற்குள் அந்தம்மா வண்டியைக் கிளப்பிவிடுவார்.

தொடக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டையும் ஷூவுமாக அந்த மேசையில் உட்கார்ந்தார். கொஞ்ச நாளில் ஷூ போனது, பிறகு சட்டையும் போனது. சாப்பாட்டைச் சமையலறையில் நின்றபடியே முடித்துக்கொண்டார். ஒரு தட்டுக்காக மேசையைத் துடைப்பானேன்? நாள் முழுக்க அடுத்தவர் பேச்சைக் கேட்டுவிட்டு, சாயங்காலம் போனை எடுத்து "ஹலோ" என்றால் தொண்டையிலிருந்து காற்றுத்தான் வரும்.

"தூங்கிட்டிருந்தீங்களா?" என்பாள் மனைவி.

"இல்லயே. வேலை. தலைக்கு மேல வேலை."

"அப்ப வெச்சுடறேன். தொந்தரவு பண்ணல. சாப்பிட்டீங்கல்ல?"

"ஆச்சு."

வைத்துவிடுவாள். வைக்காதே என்று சொல்ல அவருக்கு வராது. வேலை போன அவமானத்துக்கு, வேலை நிறைய என்று சொல்லிக்கொள்வதுதான் மருந்தாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஆராய்ச்சிக்காரம்மா வந்தார். வந்தார் என்றால், குரலாக வந்தார். மூடிப்போன ஒரு காகித ஆலையில் வேலை பார்த்தவர்களைத் தேடிப் போய்ப் பேசி, அதை ஒரு புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தார். வாராவாரம் பதிவுகள் வரும். ஸ்டெனோ மற்ற வேலைகளை ஓரம் கட்டிவிட்டு அதைத்தான் முதலில் திறப்பார்.

ஆலைக்காரர்களின் கதை ஒரு பக்கம். அவருக்குப் பிடித்தது அந்த அம்மாளின் குரல். கொஞ்சம் கரகரப்பு, "ம்ம், சொல்லுங்க சொல்லுங்க" என்று எதிராளியை உட்கார வைத்துக் கேட்கிற விதம். டீயைக் கலக்க ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார், ஸ்பூன் சத்தம் ஒரு முழுக் கேள்விக்கும் பின்னால் ஓடும். யாராவது அழுதால் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் போவது கேட்கும். மழைக்காலத்தில் வறட்டு இருமல் பிடித்து, விடவே இல்லை. ஸ்டெனோ ஆளில்லாத அறையில் ஹெட்ஃபோனோடு பேசத் தொடங்கியிருந்தார். "அட, அதை இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாமே." "வெந்நீர் குடிம்மா முதல்ல." மெயிலிலும் ஒருமுறை, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதினார். பார்த்தார். குழு இப்படியெல்லாம் எழுதாது என்று அழித்துவிட்டு, "இணைப்பைக் காண்க" என்று அனுப்பினார்.

ஒருநாள் வந்த பதிவு வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. பேட்டி முடிந்து, நன்றி சொல்லி, செருப்பு மாட்டி, கார் கதவு சாத்துகிற சத்தமும் வந்தது. கருவியை நிறுத்த மறந்துவிட்டார்கள். ஸ்டெனோ அதோடு கேட்பதை நிறுத்தியிருக்க வேண்டும். கால் மிதியை நோக்கிப் போகவில்லை.

கூட இருந்த உதவியாளரின் குரல் கேட்டது. "யாரு அக்கா இதெல்லாம் டைப் பண்றது? ஒரு எழுத்து தப்பு இல்ல."

"யாருக்குத் தெரியும்?" என்றார் ஆராய்ச்சிக்காரம்மா. "ஏதோ கம்பெனி. ஆளா மெஷினான்னே தெரியல. ஒருவாட்டி, ரொம்ப அழகா பண்ணியிருக்கீங்க, மனசு நெறைஞ்சதுன்னு நீளமா எழுதினேன். 'பெற்றுக்கொண்டோம்'னு பதில் வந்துது. மெஷினாத்தான் இருக்கும்."

இருவரும் சிரித்தார்கள். கார் கிளம்பியது.

ஸ்டெனோ ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தார். அந்த மெயில் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அதைப் பலமுறை படித்துவிட்டு, பதில் சொல்லத் தெரியாமல், கைப்பழக்கத்தில் அடித்த ஒற்றைச் சொல் அது. கோபப்படவும் வழியில்லை. மெஷின் மாதிரி எழுதிவிட்டு மனுஷன் என்று எப்படித் தெரியவில்லை என்று யாரிடம் சண்டைக்குப் போவது?

பேட்டியை மட்டும் எழுதி முடித்தார். கீழே, "கடைசிப் பகுதி பேட்டிக்குத் தொடர்பில்லாததால் எழுதவில்லை" என்று சேர்த்தார். கை அனுப்பப் போய் நின்றது. அதற்குக் கீழே இன்னொரு வரி அடித்தார். "நான் மெஷின் இல்லை. ஒரே ஆள். அறுபதை நெருங்குகிறேன். உங்கள் மெயில் எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது." அடியில் தன் போன் நம்பரையும் போட்டு அனுப்பிவிட்டு, ஏன் அனுப்பினோம் என்று கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார்.

சாயங்காலமே ஆராய்ச்சிக்காரம்மாவிடமிருந்து போன் வந்தது.

"சார், எந்த முகத்தோட பேசறதுன்னே தெரியல. மன்னிச்சுடுங்க."

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லம்மா." கரகரத்த தொண்டையைச் சரிசெய்துகொண்டார். அந்தக் குரல் தன்னைப் பார்த்துப் பேசுகிறது. ஹெட்ஃபோன் இல்லாமல், பதிலுக்குக் காத்துக்கொண்டு. என்ன பேசுவதென்று தெரியாத பதற்றத்தில் மனசில் இருந்தது வாய்க்கு வந்துவிட்டது. "உங்களுக்கு இருமல் விட்டுதாம்மா? போன வாரம் வலது பக்கமே சாஞ்சு உக்காந்து பேசினீங்க. கழுத்து வலியோன்னு நெனைச்சேன்."

அந்தப் பக்கம் டீ கலக்குகிற ஸ்பூன் சத்தம் நின்றது.

"இல்ல, குரல் ஒரு பக்கமா வந்துது. அதான்..."

"ஓ. எல்லாமே கேக்கும் இல்ல சார் உங்களுக்கு?" என்றார். சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு சரியாக வரவில்லை. பிறகு புத்தகத்தைப் பற்றி மரியாதையாக நாலு வார்த்தை பேசிவிட்டு வைத்தார்.

அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. புத்தகத்துக்காகத் தொடர்ந்து வேலை கொடுத்தார். தெரிந்தவர்களிடமெல்லாம், "ஒரு பெரியவர் இருக்கார், கண்ணை மூடிக்கிட்டுக் குடுக்கலாம்" என்று சொல்லி ஆட்களை அனுப்பிவைத்தார். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து பதிவுகள் வெட்டிச் சீராக்கப்பட்டு வந்தன. முதல் கேள்வியில் தொடங்கி, கடைசிப் பதிலில் முடிந்தன. ஸ்பூன் இல்லை. நாற்காலி இல்லை. இருமல் வருகிற இடத்தில் சின்னதாக ஒரு வெட்டு. ஸ்டெனோ அந்த வெட்டுகளைக் கேட்டுக்கொண்டே எழுதினார். தானாக வாய் திறந்து உண்மையைச் சொன்ன அந்த ஒரு நாளோடு, இருந்த கொஞ்சநஞ்சப் பேச்சுத்துணையும் போயிற்று என்று தோன்றியது.

ஒருநாள் சாயங்காலம் மனைவி கூப்பிட்டபோதும் கையில் வேலை இருந்தது.

"என்ன பண்றீங்க?"

"உக்காந்திருக்கேன்."

"வேலை இல்லையா?"

"இருக்கு. பண்ணப் பிடிக்கல. வீடு வீடா இல்ல. நாள் பூரா யார் யாரோ பேசறாங்க. என்கிட்ட யாரும் பேசறதில்ல." ஹெட்ஃபோனை அப்பால் தள்ளி வைத்தார். "நீ எப்ப வருவே?"

அந்தக் கேள்வியை அவர் அதுவரை கேட்டதே இல்லை. குழந்தை எங்கோ கத்துவது கேட்டது.

"நான் வர வேண்டாம்னு இருக்கீங்கன்னு நெனைச்சேன்," என்றாள். "எப்பக் கூப்பிட்டாலும் வேலை வேலைன்னீங்க. நான் இல்லாததே நிம்மதி போலன்னு நெனைச்சுட்டேன்."

மகள் ஆபீசில் லீவு போட்டாள். மனைவி சில நாளுக்கு வந்தாள். வந்த அன்றே மாடி வீட்டம்மாவைப் படியில் மறித்து, "அவர் வீட்லயே ஆபீஸ் நடத்தறார், தெரியுமில்ல?" என்று சத்தமாகச் சொல்லி, பார்சல்களை மேலே அனுப்பினாள். பிறகு மகளின் பழைய கட்டிலில் உட்கார்ந்து, துணி மடித்தபடி அவர் வேலை செய்வதைப் பார்த்தாள்.

"இத்தனை வருஷத்துல உங்க வேலையை நான் பாத்ததே இல்ல. என்ன வேகம்! கை வலிக்காதா?"

"பழக்கம்தான்."

அவர் ஹெட்ஃபோனில் ஒரு பக்கத்தை மட்டும் காதுக்குப் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டார். ஒரு காதில் யாரோ ஒரு மேனேஜர் விற்பனையைப் பற்றி முழங்கினார். இன்னொரு காதில் அவள், பேத்தி சோற்றைத் துப்புவதையும் மருமகனின் குறட்டையையும் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று எழுதியதில் தப்புக்கு மேல் தப்பு. ஓரிடத்தில் மேனேஜர் குறட்டை விட்டார். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிறகு அவர் எல்லாவற்றையும் திருத்தினார்.

மகளின் லீவு முடிந்தது. குழந்தை ராத்திரியில் பாட்டியைத் தேடி அழுவதாகப் போன் வந்தது. போகாமல் எப்படி? ஸ்டெனோ பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிடப் போனார். "கூடவே வாங்களேன், கொஞ்ச நாள் இருந்துட்டு வாங்க," என்றாள். அங்கே ஹெட்ஃபோன் மாட்டி உட்கார ஒரு மூலை கிடையாது என்பது இருவருக்கும் தெரியும். "பார்க்கலாம்," என்றார். பஸ் திரும்பி மறைகிற வரை நின்றார்.

திரும்பி வந்தபோது வீடு முன்னைவிடப் பெரிதாக இருந்தது. மடித்த துணிகள் கட்டிலில் அடுக்காக இருந்தன. சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்தார். ஒரு புதியவர் வேலை விசாரித்து எழுதியிருந்தார். உங்கள் குழுவில் எத்தனை பேர் என்று கேட்டிருந்தார்.

"நான் ஒருவன்தான்," என்று ஸ்டெனோ பதில் எழுதினார். "காலையிலும் மதியமும் வேலை செய்வேன். நீங்கள் போனிலும் பேசலாம்."

அந்தப் புதியவர் மறுபடி எழுதவில்லை. வேறு சிலர் எழுதினார்கள். வேலை குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. மதியம் வேலை முடிந்ததும் அவர் கதவைப் பூட்டிக்கொண்டு தெருவைச் சுற்றி ஒரு நடை போய் வருகிறார். எதிரில் வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார். சிலர் பதிலுக்குச் சிரிக்கிறார்கள், சிலர் யாரோ என்று போய்விடுகிறார்கள். இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்து விளக்கைப் போடுகிறார்.